ஐந்து மில்லிமீட்டர்

முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவன் நான். வட்டத்தையும் தொடுகோட்டையும் எத்தனை தடவை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்டவன் எழுபத்தொரு வயதில், ஒரு பொம்மை ரயில் பாதையில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியைக் கையால் இழுத்துப் பிடித்து ஒட்டவைக்கப் பார்த்தேன். பத்து வயதுப் பேரன் முன்னால் மூன்று நாள் முட்டாளாக நின்றேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் ரயில் பாதை போட நினைக்கும் தாத்தாக்களுக்குப் பயன்படும். மற்றவர்களுக்கும் ஏதோ ஒரு வகையில் உதவலாம்.

எங்கள் ராயப்பன்பட்டியில் பிறந்தவர்களுக்கு ரயில் என்பது தூரத்துச் சொந்தம் மாதிரி. மேற்கே கேரள மலை, கிழக்கே மேகமலை, நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு. நெல் உண்டு, வாழை உண்டு, திராட்சை உண்டு, ரயில் மட்டும் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக ஒரு பாதை வேண்டும் என்று என் அப்பா காலத்திலிருந்து கேட்கிறார்கள். நானும் கேட்டு முடித்துவிட்டேன், இனி பேரன் கேட்க வேண்டும். எங்களுக்குப் பக்கத்து ரயில் என்றால் மதுரை - போடி பாதைதான். 1928-இல் போட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள்.

நான் முதன்முதலில் ரயிலைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. கூட்டிப்போனவர் என் அண்ணன். அவருக்கு அப்போது பதினாலு. வீட்டில் பொய் சொல்லிவிட்டு, உத்தமபாளையம் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்துத் தேனி ஸ்டேஷனுக்குப் போனோம். கரி எஞ்சின் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றபோது நான் பயந்து அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் கொட்டாமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாடு அதே போடி பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேன் ஆகி, தோளில் ஸ்பேனரும் சுத்தியலுமாகத் தினமும் தண்டவாளத்தில் நடந்தே தன் சர்வீஸை முடித்தவர். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். சில மாதத்தில் அவரும் ஓய்வு பெற்றார். அகலப் பாதையில் தேனிக்கு வண்டி வர 2022 மே ஆகிவிட்டது, போடிக்கு 2023 ஜூன்.

இனி பொம்மை ரயில் கதைக்கு வருகிறேன்.

சென்னையில் இருக்கும் என் மகன் கம்பெனி வேலையாக ஜப்பான் போய்வந்தான். வரும்போது மகனுக்கென்று ஒரு ரயில் வாங்கி வந்தான். காட்டோ கம்பெனியின் யூனிட்ராக் பாதை, ஒரு எஞ்சின், நான்கு பெட்டி. ஒரு பெட்டி நம் உள்ளங்கை நீளம்தான். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 9 மில்லிமீட்டர். மே மாத விடுமுறைக்குப் பேரன் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். "தாத்தா, சும்மா வட்டமா ஓட விட்டா போரடிக்குது. எட்டு போடுவோம்" என்றான்.

எட்டு என்றால் நடுவில் ஒரு கிராஸிங் வேண்டும். ஒரு பாதை இன்னொரு பாதையைச் சமதளத்தில் வெட்டிக்கொண்டு போகும் இடம். பாயிண்ட் மாதிரி வண்டியை வேறு பாதைக்குத் திருப்பிவிடாது. இந்தப் பாதை வண்டி இப்படியே போகும், அந்தப் பாதை வண்டி அப்படியே போகும். நாக்பூரில் நிஜ ரயிலுக்கே இப்படி ஒரு டைமண்ட் கிராஸிங் உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள்.

மகன் இரண்டு விதமான கிராஸிங் வாங்கி வந்திருந்தான். ஒன்று 90 டிகிரி, 124 மில்லிமீட்டர் நீளம். இன்னொன்று 15 டிகிரி, 186 மில்லிமீட்டர் நீளம். பார்க்க அழகு இரண்டாவதுதான். இரண்டு பாதையும் கத்தரிக்கோல் மூடினாற்போல ஒட்டி உரசிப் போகும். பேரன் அதைத்தான் எடுத்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நம் வீட்டுக்கு ஆகாது. கோணம் குறையக் குறைய, கிராஸிங்கின் மையத்திலிருந்து வளைவு ஆரம்பிக்கும் இடம் தள்ளித் தள்ளிப் போகும். எங்களிடம் இருந்த வளைவின் ஆரம் 315 மில்லிமீட்டர். 15 டிகிரி போட்டால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய 2.4 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். மொத்த எட்டும் ஐந்தரை மீட்டர் நீளம் வரும். திண்ணையைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். 90 டிகிரி போட்டால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆசாரியிடம் சொல்லி ஆறுக்கு மூன்று அடி பிளைவுட் பலகை வெட்டி, பழைய கட்டில் மேல் போட்டோம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிராஸிங்கில் ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் கடக்கிற இடத்தில், சக்கரத்தின் விளிம்பு போவதற்கு ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் சக்கரத்துக்குக் கீழே பிடிமானம் இல்லை. கோணம் சின்னதாக இருந்தால் அந்த வெட்டு நீளமாகிவிடும். சின்னச் சக்கரம் அதில் தடுமாறும். அகலக் கோணத்தில் "டக் டக்" என்று சத்தம் வரும், ஆனால் சட்டென்று தாண்டிவிடும். புதிதாகப் போடுகிறவர்கள் அழகைப் பார்த்துச் சிறு கோணம் வாங்க வேண்டாம் என்பது என் யோசனை.

இவ்வளவும் யோசித்தவன் அடுத்ததை யோசிக்கவில்லை. 90 டிகிரி கிராஸிங்கை நடுவில் வைத்தேன். நான்கு கைக்கும் பெட்டியில் இருந்த பெரிய நேர்த்துண்டு, 248 மில்லிமீட்டர், ஒவ்வொன்றாகப் போட்டேன். பக்கத்துக்கு ஆறு வளைவு. முதல் பக்கத்துக் கடைசி மூட்டுக்கு வந்தபோது சேரவில்லை. நீளத்தில் அரை சென்டிமீட்டர் இடைவெளி, பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் விலகல்.

"இவ்வளவுதானே" என்று இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். பிளாஸ்டிக் பாதை கொஞ்சம் வளைந்து கொடுத்தது. "கிளிக்" என்று மாட்டியது. அடுத்த பக்கத்தையும் அப்படியே மாட்டினேன். பார்வைக்கு அருமையான எட்டு. பேரன் கை தட்டினான்.

எஞ்சின் முதல் சுற்றில் கிராஸிங்கைத் தாண்டியது. வளைவு முடியும் மூட்டில் கவிழ்ந்தது. தூக்கி வைத்தோம். மறுபடி கவிழ்ந்தது. வேகத்தைக் குறைத்தோம், பெட்டியைக் கழற்றினோம், தண்டவாளத்தைத் துணியால் துடைத்தோம். நான் எஞ்சினைக் குறை சொன்னேன், பலகையைக் குறை சொன்னேன், கடைசியில் ஜப்பான்காரனையும் குறை சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் பேரன் சொன்னான்: "விடுங்க தாத்தா. வட்டமாவே போட்டுக்குவோம்." திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்காக அவன் விட்டுக்கொடுத்ததுதான் உறுத்தியது.

அன்று மதியம் நான் தூங்கி எழுந்தபோது பேரனைக் காணோம். மனைவி அடுக்களையிலிருந்து சொன்னாள்: "பெரிய தாத்தா வீட்டுக்குப் போயிருக்கான். அவரு ரயில்ல வேலை பார்த்தவருன்னு நான்தான் சொன்னேன்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நானும் என் அண்ணனும் பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

அப்பாவின் தோட்டத்தைப் பங்கு வைத்தபோது ரோட்டோரம் எனக்கு, உள்பக்கம் அண்ணனுக்கு. அவர் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை என் நிலத்தைக் குறுக்கே கடந்துதான் போயாக வேண்டும். எட்டடிப் பாதை. பத்திரத்தில் எழுதவில்லை, அப்பா வாயால் சொன்னது. நான் திராட்சைப் பந்தலைப் புதுப்பித்தபோது கல்தூண் வரிசையை இரண்டடி பாதைக்குள் தள்ளி ஊன்றினேன். ஒரு வரிசைக் கொடி கூடுதலாக ஏறும் என்ற கணக்கு. அதற்குப் பிறகு அண்ணன் தோட்டத்துக்குச் சின்ன லாரி போக முடியவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் அவர் ஆள் வைத்துப் பழத்தை ரோடு வரை தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு நாள் வந்து கேட்டார்: "ரெண்டடி தள்ளி ஊனுடா." நான் சொன்னேன்: "என் பட்டாவுக்குள்ளதான் ஊனியிருக்கேன்." அதோடு பேச்சு நின்றது. என் மனைவியும் மதினியும் பேசிக்கொள்வார்கள். நாங்கள் டீக்கடையில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பேப்பர் படிப்போம்.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டில் பக்கம் போனார்.

"என்னடா இது, மீட்டர் கேஜா, பிராட் கேஜா?" பேரனைப் பார்த்துத்தான் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"ரெண்டும் இல்ல" என்றேன். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் கணக்கைச் சொன்னேன். இந்த அளவுப் பொம்மைக்கு 160-இல் ஒரு பங்கு என்று வைத்தால் 9 மில்லிமீட்டர் என்பது 1440 ஆகும். அதாவது ஐரோப்பாவின் 1435 கேஜ். நம் மீட்டர் கேஜ் 1000, பிராட் கேஜ் 1676. இது இரண்டுக்கும் நடுவில்.

அண்ணன் "ம்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டி போட்டார். கன்னத்தைப் பலகையோடு வைத்து ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தை நீளவாக்கில் பார்த்தார். கேங்கில் பாதை நேராக இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். பிறகு ஆள்காட்டி விரலை மூட்டு மூட்டாக ஓட்டிக்கொண்டு வந்தார். கவிழ்கிற இடத்தில் விரல் நின்றது.

"இழுத்து வச்சிருக்க" என்றார். பதினொரு வருடத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அஞ்சு மில்லிதாண்ணே."

"அஞ்சு மில்லிய இந்த ஒரு எடத்துல மறைச்சிட்டேன்னு நினைக்கிற. அது எங்கயும் போகல. எல்லா மூட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா நிக்குது. கழட்டு."

கழற்றினோம். மூட்டு விட்டதும் பாதை "படக்" என்று பழைய இடத்துக்கு விலகியது. "பாத்தியா, அது எங்க போகணும்னு அதுக்குத் தெரியுது" என்றார்.

அப்போதுதான் எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்தார். பேப்பர் எடுத்துப் படம் போட்டேன். செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம். வெட்டும் புள்ளியிலிருந்து வட்டம் தொடும் இடம் வரை உள்ள தூரம் வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆரம் 315. கிராஸிங்கில் பாதி 62. மீதி 253 மில்லிமீட்டர் நேர்ப்பாதை வேண்டும். நான் போட்டது 248. ஐந்து மில்லிமீட்டர் குறை. வளைவுக்கு முன்னும் ஐந்து, பின்னும் ஐந்து. அதனால்தான் கடைசி மூட்டு நீளத்திலும் விலகியது, பக்கவாட்டிலும் விலகியது.

"அஞ்சு மில்லில துண்டு இருக்கா?" என்று கேட்டார் அண்ணன்.

இல்லை. ஆனால் பெட்டிக்கு அடியில் நாங்கள் பிரிக்காமலே போட்டிருந்த இரண்டு சின்னப் பொட்டலங்கள் இருந்தன. எட்டு போடப்போகிறேன் என்று மகன் சொன்னதும் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தாராம். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் அளவுத் துண்டுகள்: 29 மில்லிமீட்டரில் இரண்டு, 38-இல் இரண்டு, 45.5-இல் இரண்டு. இத்தனை குட்டித் துண்டை வைத்து என்ன செய்வது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பேரன்தான் கூட்டிப் பார்த்தான். பெரிய துண்டை எடுத்துவிட்டு 186 போட்டால் மீதி 67 வேண்டும். 38-ம் 29-ம் 67. நான்கு கைக்கும் சரியாக நான்கு ஜோடி இருந்தது.

கடைசி வளைவை வைத்தபோது யாரும் இழுக்கவில்லை. பேரன் ஒரு விரலால் தள்ளினான், மாட்டிக்கொண்டது.

அன்று இரவு வரை அண்ணன் இருந்தார். அவர் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் பேப்பரில் கணக்கு, பிறகுதான் பலகையில் பாதை. கிராஸிங்கைத் தேர்ந்தெடுத்த பிறகு அதற்கேற்ற வளைவைத் தேர்ந்தெடுக்கலாம். இதே கிராஸிங்குக்கு 249 ஆர வளைவு என்றால் கைக்கு ஒரே ஒரு 186 துண்டு போதும். 348 ஆரம் என்றால் 248-ம் 38-ம். கொஞ்சம் இடம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். குட்டித் துண்டுகளைத் தேவைக்கு மேல் போடக் கூடாது. ஒவ்வொரு மூட்டும் மின்சாரம் குறைகிற இடம், சக்கரம் இடறுகிற இடம். கிராஸிங்கை ஒட்டி நீளத் துண்டு வரட்டும், குட்டிகள் வளைவுப் பக்கம் இருக்கட்டும். அரை மில்லி, ஒரு மில்லி வித்தியாசத்தை மூட்டுகள் தாங்கிக்கொள்ளும். ஐந்தைத் தாங்காது.

நிஜப் பாதையிலும் இதே கதைதான் என்றார் அண்ணன். மீட்டர் கேஜ் ரயில் ஒன்று 12 மீட்டர், பிராட் கேஜுக்கு 13. வெயிலில் நீளும் என்பதற்காக மூட்டில் இடைவெளி விடுவார்கள். இடைவெளி இல்லாமல் இறுக்கிப் போட்டால் சித்திரை வெயிலில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். வளைவில் உள்பக்கத் தண்டவாளத்துக்கு நீளம் குறைவாகத் தேவைப்படும். அதனால் இடையிடையே குட்டையான ரயில் போட்டு மூட்டுகளை எதிரெதிரே கொண்டுவருவார்கள். "குட்டை ரயில் போடலேன்னா வளைவே சேராதுடா" என்றார்.

அதைக் கேட்டு நான் இன்னொரு கணக்குப் போட்டேன். எங்கள் எட்டில் ஒரு பக்க வளைவில் வெளித் தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட 42 மில்லிமீட்டர் நீளம். ஆனால் கிராஸிங்கைத் தாண்டி மறுபக்கம் போனால் வெளியே இருந்தது உள்ளே வந்துவிடும், உள்ளே இருந்தது வெளியே போய்விடும். முழு எட்டையும் சுற்றி முடித்தால் இரண்டும் சம நீளம். வட்டத்தில் அப்படி வராது, வெளியே இருப்பது எப்போதும் வெளியேதான். அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பேரனுக்கு வேறு கவலை. "வண்டி தன் வாலையே இடிச்சுக்காதா?" கிராஸிங்கை ஒரு முறை தாண்டி மறுமுறை வருவதற்குள் வண்டி 2.1 மீட்டர் போகிறது. வண்டியின் நீளம் முக்கால் மீட்டர்கூட இல்லை. இடிக்காது. இரவு பத்து மணி வரை ஒரு தடவைகூடக் கவிழாமல் ஓடியது.

எழுந்து போகும்போது அண்ணன் வாசலில் நின்று செருப்பைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன். "தூணை நகட்டிர்றேண்ணே" என்றேன். "அறுப்பு முடியட்டும், கொடி கிடக்கு" என்றார்.

அறுவடை முடிந்து, கவாத்து வெட்டி, கம்பியைத் தளர்த்திய பிறகு ஆறு தூணையும் இரண்டடி தள்ளி ஊன்றினோம். அண்ணன் கடப்பாரையோடு வந்திருந்தார். ஆட்கள் முதல் தூணை நிறுத்தியதும் வரப்பில் முட்டி போட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு விரக்கடை அங்கிட்டு" என்றார். தள்ளினோம்.